நாலாம் பக்கம்

டக்... டக்... என்று ஹாலில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபட்டது. பிறகு இரண்டு இருமல். இருமி முடித்ததும், தனக்குத்தானே ஆமாம் போட்டுக்கொள்வது போல, "ம்ம்" என்று ஒரு முனகல்.

உள்ளறையில் மறுநாள் வகுப்புக்காக மார்க்கர் பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த "ம்ம்" அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாக, வாரத்துக்கு ஒரு முறையாவது, இருபது முப்பது பேர் முன்னிலையில் அவர் சாகடித்துக்கொண்டிருந்த மனிதருடைய "ம்ம்" அது.

செத்தவர் ஹாலில் உட்கார்ந்து இவருடைய மனைவியிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனிகளில் இவரை முதல்வரி சார் என்பார்கள். அலுவலகக் கடிதமும் அறிக்கையும் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது தொழில். அதைப் பற்றியே மூன்று புத்தகமும் எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் சாரம் ஒன்றுதான்: முக்கியமான விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடு. அதைச் சொல்ல ஒரு வரி போதுமே, மூன்று புத்தகம் எதற்கு என்று மனைவி ஒருநாள் கேட்டாள். புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவளும் அவளே.

பார்க்கிறவர்களுக்கு அது சொகுசான பிழைப்பு. தேய்த்த சட்டை, ஏசி அறை, கையில் மைக். உள்ளுக்குள் அவர் நடுங்குவது யாருக்குத் தெரியும்? புரொஜெக்டர் கடைசி நேரத்தில் காலை வாரிவிடுமோ என்று பயம். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், எல்லாக் கம்பெனியிலும் அப்படி ஒருவர் உண்டு. அவர் வாயைத் திறப்பாரோ என்று பயம், திறக்காமலே இருந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம். இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கருத்துப் படிவங்களை வாங்கிப் பார்த்தால், "பயிற்சியில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்ற கேள்விக்குப் பாதிப் பேர் "மதியச் சாப்பாடு" என்று எழுதியிருப்பார்கள். ஒரே ஒருவர் ஒருமுறை உருகி உருகிப் பாராட்டியிருந்தார். விசாரித்தால் அது போன மாதம் வந்த வேறொரு பயிற்சியாளருக்கு.

இத்தனை பயத்துக்கும் அவரிடம் ஒரே ஒரு மருந்து இருந்தது. அது ஒரு கதை.

"என் பழைய ஆபீஸ்ல ஒரு ஸ்டோர் கீப்பர் இருந்தார்," என்று ஆரம்பிப்பார். "நாலுபக்கம்னு பட்டப்பேர். எதை எழுதினாலும் நாலு பக்கத்துக்குக் குறைஞ்சு எழுத மாட்டார். ஒருநாள் குடோன்ல ஏழாம் நம்பர் ரேக்கோட கால்ல விரிசல் விட்டிருக்கறதைப் பார்த்தார். உடனே மேலிடத்துக்கு லெட்டர் எழுதினார். முதல் பக்கம் முழுக்க நலம் விசாரிப்பு. ரெண்டாம் பக்கம், போன வருஷம் குடுத்த நாற்காலிக்கு நன்றி. மூணாம் பக்கம் அடியிலதான் விரிசல். ஆபீஸ்ல இருந்த ஆபீசர் முதல் நாலு வரி படிச்சார், சிரிச்சார், ஓரமா வெச்சுட்டார். அஞ்சாம் நாள் ரேக் சாஞ்சது."

அந்த இடத்தில் திரையில் கடிதமே வரும். அனுப்புநர், பெறுநர் பெயர்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி எடுத்த மூன்று பக்கங்கள். வகுப்பு மூச்சுவிடாது.

உண்மையில் ஸ்டோர் கீப்பருக்கு உடைந்தது ஒரு கால்தான். ஆரம்பத்தில் அவரும் ஒரு கால் என்றுதான் சொல்லிவந்தார். ஒரு வகுப்பில் கடைசி வரிசைக்காரர் கொட்டாவி விட்டார். அடுத்த வகுப்பில் இரண்டு காலையும் உடைத்தார். அது மூன்று மாதம் தாங்கியது. பிறகு ஒருநாள், தலைவலியும் தூக்கமில்லாத கண்ணுமாக நின்றபோது, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அந்த இடத்துலேயே உயிர் போயிடுச்சு." ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். அதற்கப்புறம் அவரைப் பிழைக்க வைக்க இவருக்கு மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சாகடித்தார். பார்சல் கம்பெனி ஒன்றில் வெள்ளி, திங்கள் என இரண்டு நாள் பயிற்சியின் முதல் நாள் அது. மூன்றாம் வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். "சார், அந்த லெட்டர் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "நல்ல கேள்வி," என்றார். "டீ குடிச்சிட்டு வந்து பேசலாம்." டீ குடித்துவிட்டு வந்து பேசவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணா, நீங்க எங்க வேலை பார்த்தீங்க?"

"குடோன்லம்மா. ஸ்டோர் கீப்பர்."

"அப்படியா. இவரோட சிநேகிதர் ஒருத்தர்கூட ஸ்டோர் கீப்பர்தான். பாவம், போய்ச் சேர்ந்துட்டார். ரேக் சாஞ்சு மேல விழுந்து அங்கேயே உயிர் போயிடுச்சாம்."

"அங்கேயேவா?"

"ஆமாண்ணா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக்கூட நேரமில்ல. கடைசிவரைக்கும் கையில பேனாவை இறுக்கிப் பிடிச்சிருந்தாராம். புரூஃப் பார்க்கும்போது நான் அழுதே போயிட்டேன்."

"பேனாவையா?" "குடோன்ல சரக்கு எண்ணும்போது நாங்க பென்சில்தாம்மா வெச்சிருப்போம்."

உள்ளறையில் முதல்வரி ஜன்னலைப் பார்த்தார். மூன்றாம் மாடி, கம்பி வேறு. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தார். அதற்கும் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"என்னங்க, உங்களைத் தேடி ஒரு வாசகர் வந்திருக்கார்," என்று மனைவி கூப்பிட்டாள். குரலில் பெருமை. மூன்று புத்தகம் எழுதி, வாசகர் என்று ஒருவர் வாசல்வரை வந்தது இதுதான் முதல் தடவை.

கையில் மார்க்கரோடு ஹாலுக்கு வந்தார். வந்தவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. வலது கால் மடங்காமல் நேராக நீண்டிருந்தது. மடியில் அவருடைய புத்தகம். வகுப்பில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது. பின்னட்டையில் வீட்டு முகவரி.

"உட்காருங்க சார்," என்றார் வந்தவர், அது தன் வீடு போல.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார் முதல்வரி. கேட்ட பிறகுதான் உறைத்தது.

"இருக்கேன் சார்."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சவரா?"

"நாலுபக்கம்னு சொல்லுவாங்கம்மா என்னை."

கையிலிருந்த தண்ணீர் தம்ளரை அவள் மேஜைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வகுப்பு முடிஞ்சு வந்தா," என்றார் ஸ்டோர் கீப்பர். "செருப்பைக்கூடக் கழட்டல. 'அப்பா, உங்களை ஒருத்தர் கொன்னுட்டார்'னா. எப்படிம்மா நான்தான்னு கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். 'ழ' போட்டு அதோட வாலைக் கொண்டுபோய் நாலு எழுத்து தள்ளி விடறது உலகத்துலயே எங்கப்பா ஒருத்தர்தான்னா."

முதல்வரி கையிலிருந்த மார்க்கரின் மூடியைத் திறந்து மூடினார். "அது... வகுப்புல ஒரு தாக்கம் வரணும்னு... கொஞ்சம் கூட்டி..."

"அது இருக்கட்டும் சார். என்னைச் சாகடிச்சதுக்காகவா இந்தக் காலை வெச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுவேன்?" அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "விசாரணையில என்ன சொன்னாங்க தெரியுமா? அப்படி ஒரு லெட்டர் வரவே இல்லைன்னாங்க. அடிபட்ட பிறகு கதை கட்டறேன்னாங்க. கவனக்குறைவுன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்தொன்பது வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல சண்டை வந்தா என் சம்சாரம் வேற ஒண்ணும் பேச மாட்டா. 'நிஜமாவே எழுதினீங்களா?' அவ்வளவுதான் கேட்பா. அவ கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். எழுதினேனா, இல்ல எழுதணும்னு நெனச்சதோட சரியான்னு."

மனைவி மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "அந்த லெட்டர் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவரோட வீட்டுல குடுத்தாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே?"

ஓடுவதற்கு டீ இடைவேளை கிடையாது. முதல்வரி ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல ஆபீஸ்ல தபால் மலை மாதிரி வரும். நானும் சேர்ந்து ஆறு மாசம்தான். மேலதிகாரி வேற ஒரு மாதிரி. அதுவும் அந்த வாரம் பார்த்தீங்கன்னா..."

"முதல் வரி, சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

மடியிலிருந்த புத்தகத்தை அவர் தட்டக்கூட இல்லை.

"அந்த ஆபீசர் நான்தான்," என்றார் முதல்வரி. "லெட்டரைப் படிக்காம வெச்சதும் நான்தான். அடிபட்டது தெரிஞ்சதும் அதை எடுத்துப் பையில ஒளிச்சது நான்தான். வரலைன்னு விசாரணைக்கு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

"அப்படி ஒரு கடிதம் வரவில்லை." அன்று அவர் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். ஒரே வரி. அதை வாங்கிப் படித்த மேலதிகாரி, "பிரமாதம், இப்படித்தான் எழுதணும்" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலிலிருந்துதான் மூன்று புத்தகமும் பிறந்தன. அதை எந்த முன்னுரையிலும் அவர் எழுதியதில்லை. கடிதத்தை எத்தனையோ தடவை கிழிக்கப் போனார், கை வரவில்லை. வேலையை விட்டார், பயிற்சியாளர் ஆனார், அதைத் திரையில் போட்டார். ஊருக்கே காட்டிவிட்டால் ஒளித்து வைத்தது ஆகாது என்று அவருக்கு ஒரு கணக்கு.

"எடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி.

உள்ளே போய் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தார். நீட்டினார். ஸ்டோர் கீப்பர் தாள்களை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், சரக்கு எண்ணுவது போல. ஒன்று, இரண்டு, மூன்று. "ம்ம்," என்றார். "நாலு." நாலாவது தாளைத் தனியே எடுத்தார். "இதை ஏன் சார் திரையில போடல?"

"அதுல வெறும் நன்றி வணக்கம்னு..." படித்ததே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விரிசல் மூன்றாம் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை.

"கண்ணாடி கொண்டு வரல. நீ படிம்மா."

மனைவி வாங்கினாள். பிழை பார்க்கிறவளின் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"வரும் செவ்வாய்க்கிழமை சரக்கு எண்ணத் தாங்கள் வருவதாக அறிகிறேன். மற்ற ரேக்குகளைத் தாங்கள் எண்ணிக்கொள்ளலாம். ஏழாம் ரேக் பக்கம் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். தங்கள் துணைவியார் முதல் பிள்ளைக்குக் கருவுற்றிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த ரேக்கை நானே எண்ணிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழக்கம். குடோன் பையன்களையும் அந்தப் பக்கம் விடுவதில்லை. நிறைய எழுதிவிட்டேன், மன்னிக்கவும்."

கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்க குடோனுக்குப் போகவே இல்லையே," என்றாள். "தலைவலின்னு வீட்டுல படுத்திருந்தீங்க. நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன்."

"ஃபோன் பண்ணினார்ம்மா," என்றார் ஸ்டோர் கீப்பர். "எல்லாத்தையும் நீங்களே எண்ணி அனுப்பிடுங்கன்னார். ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சேன். ஏழுக்கு வரும்போது மதியம் ஆயிடுச்சு."

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. "பார்த்தும்மா, மை கலைஞ்சிடும்," என்று அவர் பதறிப்போய்த் தாளை வாங்கி, சட்டை நுனியால் ஒற்றினார். அவர் பதறியது அந்தக் காலையில் அந்த ஒருமுறைதான். "இதை வீட்டுல காட்டணும். அதுக்குத்தான் வந்தேன்."

நாலு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தடியை ஊன்றி எழுந்தார். பிடிக்கப் போன முதல்வரியின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்னை மன்னிச்..."

"நாளைக்கு ரெண்டாம் நாள் வகுப்பு இல்லையா சார்?"

"ஆமா."

"பொண்ணு முன்வரிசையில உட்காரப் போறாளாம். லெட்டர் எப்படி சார் கைக்கு வந்துச்சுன்னு என்னைக் குடைஞ்சு எடுக்கறா. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நாளைக்கு சாரே சொல்லுவார்னு சொல்லிடறேன்." வாசல்படியில் தடியை ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நான் செத்தேன்னே வேணும்னாலும் சொல்லிக்கோங்க. அந்த ஆபீசர் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. டீக்கு முன்னாடியே."

இருபத்திரண்டு பேர். திரையில் போடக் கடிதமும் கையில் இல்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர். முன்வரிசையில் அவள். முதல்வரி இன்னும் அந்த மார்க்கரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பேனா எழுதும், எந்தப் பேனா எழுதாது என்று பார்த்து முடிக்கவே இல்லை என்பது, சம்பந்தமே இல்லாமல், ஞாபகம் வந்தது.

"அண்ணா, ரெண்டாவது மாடியில ஒரு படி உடைஞ்சிருக்கு. பார்த்து இறங்குங்க," என்றாள் மனைவி.

"வரும்போதே பார்த்தேம்மா. வாட்ச்மேன்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

டக்... டக்... என்று சத்தம் படியிறங்கியது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால் ஒரு தடி. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். உடைந்த படியைத் தாண்டி அது கீழே போய்ச் சேர்ந்த பிறகு, கணவரின் முகத்தைப் பார்க்காமல், கதவைச் சாத்தினாள்.