நேற்றைய வால்நட்சத்திரம்

அமெரிக்காக்காரன் ஒரு விண்கலத்தைக் கொண்டுபோய் வால்நட்சத்திரத்தின் மேல் மோதவிட்டான். அதனால் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பு இரண்டு நாள் சாயங்காலம் எரியவில்லை.

என் கணவரிடம் ஒரு தொலைநோக்கி உண்டு. மோதலில் கிளம்பும் தூசியால் வால்நட்சத்திரத்தின் பிரகாசம் கூடுகிறதா என்று பார்க்க, அவரைப் போன்றவர்களிடம் ஒரு குழு உதவி கேட்டிருந்தது. மோதலுக்கு முந்தைய நாள் மாலை ஒருமுறை, மோதிய நாள் மாலை ஒருமுறை, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பட்டியலில் பெயர் வரும். அந்தப் பெயருக்காக மனிதர் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் பார்த்துச் சொல்வார், நான் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதுவேன். கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

முதல் நாள் மொட்டைமாடியில் நாங்கள் இருவர்தான். வானம் முழுக்க மேகம். கொசு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "மேகம், பார்க்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு இறங்கினோம்.

மறுநாள் மோதல் நடந்தபோது இங்கே பட்டப்பகல். மாலையில் மேகம் விலகியது. டிவியில் செய்தி வந்துவிட்டதால் குடியிருப்பே மாடி ஏறியது. தொலைநோக்கியில் தெரிந்ததோ, கண்ணாடியில் விரல் பட்ட மாதிரி ஒரு மங்கல்.

சங்கச் செயலாளர் கண்ணை வைத்ததும் தீர்ப்புச் சொன்னார். "நேத்தைக்கு இன்னிக்கு டபுளா இருக்கு சார்!" நேற்று அவர் கீழே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் அண்ணன் விடுவாரா? "அடி பலமா பட்டுக்கீது சார், நல்லா வீங்கிகினு கீது!"

எதிர் வீட்டு அக்கா, "எவ்ளோ சின்னதா இருந்துச்சு!" என்று உச்சுக்கொட்டினார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பேப்பர்ல" என்றார்.

எல்லோரும் போன பிறகு என் கணவர் மெல்லச் சொன்னார். "நேத்துக்கும் ஒரு நம்பர் போட்டுடு. கொஞ்சம் கம்மியா."

படப்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு அவர் வேலை. அளக்காமல் அளவு எழுதிய ஒருவரை வேலையை விட்டே அனுப்பியவர். "ஃப்ராடு, ஃப்ராடு" என்று வீட்டில் ஒரு வாரம் பொருமியவர்.

"நேத்து நாம பார்க்கவே இல்லையே" என்றேன்.

"ஊரே பார்த்தேன்னு சொல்லுதே" என்றார்.

பதினைந்து வருஷத்தில் என்னிடம் எதற்கும் கெஞ்சாத முகம் கெஞ்சியது. எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது. மேகம் என்று எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். புதுப் பக்கத்தில் என் முத்து முத்தான கையெழுத்தில் ஓர் எண்ணை எழுதினேன்.

சில வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அவர் பெயர் இருந்தது. அச்செடுத்துச் செயலாளருக்குக் காட்டினார், வாட்ச்மேனுக்குக் காட்டினார், அனகாபுத்தூரிலிருந்து வந்த என் அண்ணனுக்கும் காட்டினார். என்னிடம் மட்டும் காட்டவில்லை.