ஈயச் சொம்பும் கரண்ட் அடுப்பும்

சூடேறிய இரும்பில் விழுந்த தண்ணீர்த்துளி 'சொய்' என்று உருண்டோடும் சத்தத்தோடுதான் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக் காலைகள் தொடங்கும். மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா ஆசையாக வாங்கி வந்த 'கரண்ட் அடுப்பு' அது; மேலே கனத்த கறுப்பு இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு திருகு, அவ்வளவுதான். அதன்மேல் உட்காரும் யோக்கியதை எதற்கு உண்டு என்று பார்க்க, அப்பா பாத்திரங்களையெல்லாம் கவிழ்த்துப்போட்டு அடியில் ஸ்கேல் வைத்தார். அடி உருண்டதும் நசுங்கியதும் கைப்பிடி ஆடியதும் தோற்றுப்போய் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கே திரும்பின. ஈரக்கையோடு ஸ்விட்ச் பக்கம் போகக் கூடாது என்பது தனிச் சட்டம். "என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷர் இவ்வளவு பார்க்கவில்லை" என்று அம்மா கேலி செய்வாள்.

அம்மாவிடம் அன்னூரில் பிறந்த வீட்டார் கொடுத்த ஈயச் சொம்பு ஒன்று இருந்தது. அதில் வைத்தால்தான் அவளுக்கு ரசம். வெறும் சொம்பு சூட்டில் உருகிவிடும் என்பதால் வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அந்தச் சமயம் அப்பாவின் தங்கை, காரமடை அத்தை, எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். என் காதுகுத்துக்கு நேரில் போய் அழைக்காமல் ஆளிடம் சொல்லியனுப்பிவிட்டோம் என்று கோபம். அவள் சிரிப்பில்லாமல் வீடே களையிழந்து கிடந்தது; அம்மா போய்க் கெஞ்சியும் பலிக்கவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் வந்தவள், அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய ஈயச் சொம்பை, ஈரம் காயட்டும் என்று கரண்ட் அடுப்பின்மேல் வைத்தாள். அம்மா அப்போதுதான் ஸ்விட்சை நிறுத்தியிருந்தாள். கண்ணுக்குத் தீ தெரியாத அடுப்பு, அத்தைக்கு ஆறிய அடுப்புதான்.

அத்தையின் அலறல் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சொம்பின் அடி உருகித் தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதை எடுக்கப் பதறிக் கை நீட்ட, அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுட்டுப்போடலையே, அம்மணி?"

"உங்க சொம்பை உருக்கிப்போட்டனுங்களே, நங்கையா." அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சொல்லி முடிப்பதற்குள் அத்தை அழுதுவிட்டாள், அம்மாவும்தான். அன்று அவளை ஊருக்கு விடவில்லை. ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்தது, இருவருக்கும் பேசித் தீரவில்லை.

இன்று என் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும், சூடு ஆறும்வரை விளக்கெரிந்து எச்சரிக்கும். அந்த இரும்புத் தட்டு அடுப்புகள் கடைகளில் கண்ணில் படுவதில்லை. அத்தையும் போய்விட்டாள், அவள் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை. போன மாதம் கடையில் ஒரு ஈயச் சொம்பைக் கண்டு, உன் சொம்பு அநியாயமாகப் போச்சே அம்மா என்றேன்.

"அநியாயமா எங்க போச்சு கண்ணு? அதைக் குடுத்துத்தான உங்கத்தையைத் திருப்பி வாங்குனேன்" என்றாள் அம்மா.