பத்து மணிக்குப் போனால் போதும் என்றார் சார்

அம்மாவின் வலது கண் மங்கிக்கொண்டே வந்ததால், போன மாதம் திருச்சியிலிருந்து தில்லிக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும் முன்பே தில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, புது நோயாளிகள் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குழுவில் எல்லோருக்கும் 'சார்', "பத்து மணிக்குப் போனால் போதும்" என்று எழுதினார். உடனே கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. நானும் ஒன்று போட்டேன்.

தங்கியது கோல் மார்க்கெட்டில். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். ஒன்பதே முக்காலுக்குப் போனால், டோக்கன் எட்டரைக்கே தீர்ந்துவிட்டதாம்! அன்றிரவு எங்களுக்கு ஊருக்கு ரயில்.

"ஒரு நாள்ல கண்ணு என்ன போயிடவா போகுது?" என்றார் அம்மா. போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம். டிக்கெட்டை ரத்து செய்தேன்.

சாயங்காலம் சரோஜினி நகரில் என் கல்லூரித் தோழி கலா வீட்டுக்குப் போனோம். அவளும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.

"ஆறு மணிக்கே போகணும்னு எல்லாருக்கும் தெரியும்டி. சார் சொன்னப்புறம் யாரு மாத்திச் சொல்லுவா? உனக்குத் தனியா சொல்லணும்னு நெனச்சேன், ஆஃபீஸ் டென்ஷன்ல விட்டுப்போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய காலனியின் இந்திக் குழுவைக் காட்டினாள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒருவர் ஐந்து என்றார், அடுத்தவர் "தப்பு, உளறாதே" என்றார், நான்கு பேர் கட்டிப் புரண்டார்கள். பத்தே நிமிடத்தில் சரியான நேரம் வந்துவிட்டது. நம் குழுவில் சண்டையும் இல்லை, சரியான நேரமும் இல்லை.

மறுநாள் ஆறு மணிக்கு நின்று டோக்கன் வாங்கினோம். விழித்திரையில் கிழிசலாம். அன்றே லேசர் செய்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம்" என்றார் டாக்டர்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். இதைத்தான் குழுவிலும் எழுதினேன். பதினோரு பேர் தனிச்செய்தியில் "கரெக்டா சொன்னீங்க" என்றார்கள். குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சார் மனம் வருந்துவார் என்று அட்மின் என் பதிவை நீக்கிவிட்டார்.

நேற்று மதுரைக்காரர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். சாரின் பழைய பதிலை யாரோ எடுத்துப் போட்டார்கள். மறுபடியும் கைகள் கும்பிட்டன.

நான் அந்த மதுரைக்காரருக்குச் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டேன். தனிச்செய்தியில்தான்.