ஆணி அடிக்கலாமா?

அப்பா கோலசிலாங்கூரில் வீடு வாங்கிவிட்டார் என்ற செய்தி, எங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே தோட்டம் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டது. அப்பா ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். எண்பதுகளின் தொடக்கம் அது. டவுனை ஒட்டி மலிவு விலை வீடுகள் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று எங்களுடையது என்பதைப் பக்கத்து வீட்டு அத்தைதான் குழாயடியில் வைத்து அம்மாவுக்குச் சொன்னார்.

“என்னா, டவுன்காரம்மா ஆயிட்டீங்களாம்லா? எங்களயெல்லாம் ஞாபகம் வச்சிக்குவீங்களா?”

அம்மா பாதி நிறைந்த குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

ஒரு நல்ல நாள் பார்த்து அந்த வீட்டில் பால் காய்ச்சினோம். இரண்டு அறை, ஒரு கூடம், உள்ளேயே குழாய் வைத்த சமையலறை. பின்னறையில் இருந்த சன்னலைப் பார்த்ததுமே அது என் சன்னல் என்று முடிவு செய்துவிட்டேன். அடுக்கடுக்கான கண்ணாடிச் சில்லுகள். பக்கத்திலிருந்த கைப்பிடியை அழுத்தினால் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்ளும், தூக்கினால் எழுந்து நிற்கும். தோட்டத்தில் கம்பெனி கொடுத்திருந்த வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது பலகைச் சன்னல். நான் கைப்பிடியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எங்கள் இருவரில் யாருக்கு வயது ஒன்பது என்று வெளியாள் ஒருவர் வந்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

அம்மா பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா முத்தை உதிர்த்தார். இந்த வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்.

“இங்கேருந்து விடியக்காலைல தோட்டத்துக்கு எப்படி வர்றது? லயத்துல நமக்கு வாடக இல்ல. இத வாடகைக்கு விட்டா இதோட கடன இதுவே கட்டிக்கும். எனக்கு வேல முடியுற அன்னைக்கு, லயத்தக் காலி பண்ணுன்னு கம்பெனி சொல்லும்ல? அன்னைக்கு நாம நடுரோட்டுல நிக்கக்கூடாது.”

“அதுவரைக்கும்?” என்று கேட்டாள் அம்மா.

“அதுவரைக்கும் லயந்தான்.”

எனக்கு இது விளங்கவே இல்லை. வீடு எப்படித் தன் கடனைத் தானே கட்டும், அதற்குக் கையா காலா? ஆனால் சன்னல் போய்விட்டது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அம்மாவுக்கும் குழாய் போய்விட்டது. அதைவிட, குழாயடிக்கு மறுபடி போக வேண்டியிருந்ததுதான் அவளுக்குப் பெரிய அவமானம். “டவுன்காரம்மா எப்ப கெளம்புறீங்க?” என்று அத்தை நாள் தவறாமல் கேட்டார். அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான்தான் இடையில் தபால்காரி. “சோறு வச்சிருக்குன்னு சொல்லு” என்பாள் அம்மா. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பா, “வர்றேன்னு சொல்லு” என்பார்.

இந்த இடத்தில் எங்கள் கிராணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்தான், ஆனாலும் எங்களுக்கு அவரே அரசாங்கம். லயத்துக்குக் கம்பெனி வெள்ளையடித்த பிறகு அவரைக் கேட்காமல் யாரும் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ஒருமுறை அப்பா கல்யாணப் போட்டோவை மாட்ட ஓர் ஆணி அடித்துவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, “ஒங்கப்பன் வீட்டுச் செவரா?” என்று கிராணி கேட்டாராம். அப்பா வந்து ஆணியைப் பிடுங்கினார். அம்மா ஓட்டையில் துணி துவைக்கும் சவர்க்காரத்தை வைத்து அடைத்தாள். போட்டோ இரும்புப் பெட்டிக்குள் போனது.

டவுன் வீட்டுக்கு ஓர் இளம் ஜோடி குடிவந்தது. கணவனுக்குத் தபால் இலாகாவில் வேலை, ராவாங் பக்கத்துப் பையன் என்று அப்பா விசாரித்து வைத்திருந்தார். முதல் மாத வாடகையை வாங்கப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் படுத்துக்கொண்டது. பட்டறையை விட்டு அப்பாவால் நகர முடியவில்லை. “அம்மாவைப் போய்ட்டு வரச் சொல்லு” என்று என்னிடம் சொன்னார். அம்மா மறுபேச்சில்லாமல் தீபாவளிப் புடவையை எடுத்துக் கட்டியபோதே எனக்கு ஏதோ சந்தேகம்.

பஸ் புக்கிட் ரோத்தானைத் தாண்டியதும் அம்மாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. காதை வைத்துக் கேட்டேன். “இந்தா பாரு தங்கச்சி, நாங்களே குடிவரப்போறோம். நீங்க வேற எடம் பாத்துக்குங்க.” சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில சமயம் ‘தங்கச்சி’ இல்லாமல் கொஞ்சம் கடுமையாக. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டை மீட்கப் போகிறோம்! என் சன்னல் எனக்கு வரப்போகிறது!

வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றி, கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் விட்டாள். கிராணி வீட்டுக்குப் போனால் நாங்கள் அப்படித்தான் விடுவோம். என் செருப்பையும் அங்கேயே விடச் சொன்னாள். உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள்.

“ஐயோ, வாங்க வீட்டுக்காரம்மா!”

அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். ரோட்டில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை.

“ஒங்களத்தான். பிள்ள அப்பாவ அப்படியே உரிச்சி வச்சிருக்குல்ல? செருப்ப ஏன் அங்க விட்டீங்க? நாய் தூக்கிட்டுப் போயிரும்லா. உள்ள வாங்க.”

உள்ளே போனால் வீடு வீடாகவே இல்லை. சுவர்க் கடிகாரம் மேசைமேல் மல்லாந்து கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் சுருட்டியபடியே இருந்தது. ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியின்மேல் முருகன் படம் சுவரில் சாய்ந்து நின்றது. முன்னால் சின்னதாக ஒரு விளக்கு. அம்மா படத்தையே பார்த்தாள். வந்த விஷயத்தைச் சொல்லத்தான் போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். “ஒங்க வீட்டுக்காரரு வருவாரு, கேக்கலாம்னு இருந்தேன். நல்லவேள நீங்களே வந்துட்டீங்க. சாமி படத்துக்கு ஒரு ஆணி அடிச்சிக்கலாமா? ஒங்களக் கேக்காம எப்படி அடிக்கிறது? வந்ததுலேருந்து பாவம், சாமி கீழதான் இருக்காரு.”

“அம்மா, சொல்லும்மா” என்று இடுப்பில் இடித்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். பிறகு தொண்டையைச் செருமினாள். எங்கள் கிராணி அனுமதி கொடுக்கும் முன் அப்படித்தான் செருமுவார்.

“அடிச்சிக்க” என்றாள்.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். “இங்க அடி. கெழக்கப் பாத்து இருக்கும்” என்றாள். அந்தப் பெண் அடித்தது வளைந்துபோனதும், சுத்தியலை வாங்கித் தானே அடித்தாள். கடிகாரத்துக்கும் ஓர் ஆணி ‘சாங்ஷன்’ ஆயிற்று. “கண்ட எடத்துல அடிச்சிறக்கூடாது, என்னா?” என்று கண்டிப்பும் நடந்தது. “இல்லக்கா, ஒங்களக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டேன்” என்று அந்தப் பெண் தேநீர் கலக்கப் போனாள். பல வருடம் கழித்து அப்பாவுக்கு வேலை முடிந்து நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது, நான் முதலில் ஓடியது சன்னலுக்கு. அம்மா போய் நின்றது அந்த ஆணிகளுக்கு முன்னால்.

அன்றைக்கோ என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் அம்மா சமாதானம் செய்யவும் இல்லை, அதட்டவும் இல்லை. ரொம்ப தூரம் வந்தபிறகு, “அந்தப் பிள்ள என்னைய என்னான்னு கூப்புட்டுச்சு?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன! “வீட்டுக்காரம்மான்னு” என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஈஜோக் வருவதற்குள் இன்னொரு தடவை கேட்டாள்.

வீட்டில் அப்பா கைகால் கழுவிக்கொண்டிருந்தார். வாடகை கொடுத்தார்களா என்று என்னிடம்தான் கேட்டார். அம்மாவே நேராகப் பதில் சொன்னாள், “குடுத்தாங்க. நல்ல பிள்ளைங்க. இருக்கட்டும்.” பிறகு அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்தாள். சவர்க்காரம் வைத்து அடைத்த அந்த ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, அதிலேயே அடிக்க ஆரம்பித்தாள்.

“ஏ பிள்ள, கிராணியக் கேட்டியா?” என்று அப்பா அம்மாவிடமே கேட்டார்.

“வேணும்னா நீங்க போயி கேட்டுட்டு வாங்க.”

அப்பா திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் போகவும் இல்லை, திட்டவும் இல்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து கல்யாணப் போட்டோவை எடுத்து, சட்டையால் துடைத்துக்கொண்டு நின்றார். சண்டைக்குக் கிளம்பிப் போய் ஆணிக்கு அனுமதி கொடுத்துவிட்டு வந்தவளுக்கு இப்படி ஒரு உபசாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. “யாரு அது? என்னா சத்தம்?”

“ஒண்ணுமில்ல,” என்று அம்மா உரக்கச் சொன்னாள், “வீட்டுக்காரம்மா ஆணி அடிக்குது.”

அவள் வீட்டுக்காரம்மாவாக இருப்பது டவுன் வீட்டுக்குத்தானே, இந்த லயம் கம்பெனியுடையது ஆயிற்றே, அம்மா வீடு மாற்றிச் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். திருத்தலாம் என்றுகூட வாயெடுத்தேன். ஏற்கெனவே கிள்ளிய இடம் வலித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.