மடங்கும் கலசம்

எங்கள் கோயில் தேரின் உச்சியிலுள்ள கலசம், மின்சாரக் கம்பி குறுக்கே வரும் இடத்தில் பின்பக்கம் மடங்கும். கம்பியைத் தாண்டியதும் தானே நிமிர்ந்துகொள்ளும். பினாங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். எல்லாம் தலைவருடைய மூளை என்று கமிட்டிக்காரர்கள் அவர்களிடம் சொல்கிறார்கள். தலைவர் பலகை வியாபாரி. ஒரு கீலை எந்தப் பக்கம் வைத்து முடுக்குவது என்றுகூட அவருக்குத் தெரியாது.

இதை நான் மேடையேறிச் சொன்னதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வயதை நெருங்கியும் அது போகவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எழுத வரும், அதனால் எழுதுகிறேன்.

இப்போது அந்தக் கம்பியிலிருந்து கரண்ட் வாங்கிக்கொண்டு பஸ் ஓடுகிறது. அந்தக் காலத்தில் டிராம் ஓடியது. நான் டிராம் கம்பி கட்டும் ஆட்களில் ஒருவன். என் அக்காள் புருஷன்தான் அந்த வேலையில் சேர்த்துவிட்டார். மச்சான் என்னைப் போல இல்லை. தெருமுனையில் பேசினால் படகுத்துறையில் கேட்கும்.

சக்கரம் வைத்த ஏணியில் ஏறித் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவது எங்கள் வேலை. திருநாள் வந்தால் கூடுதலாக ஒன்று. தேர் டிராம் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். தேரோ கலசத்தோடு சேர்த்தால் கம்பியைவிட உயரம். பக்கத்துத் தெருத் தேரைவிட ஒரு முழமாவது கூட இருக்க வேண்டுமென்று தலைவர் வருஷத்துக்கொரு தட்டு ஏற்றுவார். மின்சாரத் துரை அந்தச் சாலைக்கு மட்டும் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கரண்டை நிறுத்தித் தருவார். அதற்குள் நாங்கள் நீள மூங்கில்களால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, தேர் அடியில் நுழைந்து போகும். அந்த மூங்கிலுக்கு ஒரு சட்டம் உண்டு. எண்ணெய் தடவி உலர்த்திய மூங்கிலைத் தரையில் போடக் கூடாது. சுவரில்தான் சாத்த வேண்டும். ஈரம் ஏறிய மூங்கில் கரண்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

நாலு மணி என்பது துரைக்குத்தான். எங்கள் தேர் எந்த வருஷமும் நேரத்துக்கு வந்ததில்லை. வழியெல்லாம் கடைக்காரர்கள் தேங்காயைக் குவித்து வைத்துத் தேருக்கு முன்னால் உடைப்பார்கள். ஒருவர் நூறு உடைத்தால் எதிர்க்கடைக்காரர் இருநூறு உடைப்பார். முடியும்வரை தேர் நகராது. என்றைக்காவது கரண்ட் திரும்பிய பிறகு யாராவது கம்பியைத் தூக்கப்போகிறார்கள் என்று எனக்குப் பயம்.

அதற்கு வழி தினமும் என் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. டிராம் வண்டியின் கூரையில் கம்பியைத் தொடும் நீண்ட கொம்பு ஒன்று உண்டு. அதன் அடியில் சுருள்வில். கம்பி தாழ்ந்த இடத்தில் கொம்பு படியும், உயர்ந்த இடத்தில் எழும். கலசத்துக்கு அடியிலும் ஒரு கீலும் சுருள்வில்லும் வைத்து, தேருக்குப் பின்னாலிருந்து ஒருவன் கயிற்றை இழுத்தால்? கம்பியைத் தொடவே வேண்டாம்.

டத்தோ கிராமட் சாலையில் ஒரு சீனக் கொல்லர் இருந்தார். பழைய குடைக்கம்பியும் தகரமும் கொடுத்துக் கைச்சாடையில் விளக்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலே, போலே லா" என்றார். முடியும் என்று மலாயில் அர்த்தம். அந்த வருஷம் இதைப் பற்றி என்னிடம் சிரிக்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான். ஒரு முழ உயரத்தில் மாதிரி தயாரானது. கயிற்றை இழுத்தால் படுத்தது, விட்டால் எழுந்தது.

திருநாளுக்கு எட்டு நாள் முன்பு கமிட்டி கூடியபோது அதைத் துணிப்பையில் எடுத்துப்போனேன். ஐம்பது பேர் இருந்தார்கள். எழுந்து நின்றேன். பேச வரவில்லை. பையிலிருந்து எடுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினேன்.

"என்னாப்பா அது, எலிப்பொறியா?" என்றார் தலைவர்.

"கலசம்... கம்பிகிட்ட... மடங்கும். டிராம் கொம்பு மாதிரி."

"டிராமுக்குக் கொம்பு இருக்குன்னு சாமிக்கும் கொம்பு வைக்கச் சொல்றியா? நாளைக்கு மணியடிச்சு டிக்கெட்டு கிழிக்கச் சொல்லுவே!"

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"வெள்ளைக்காரன் கம்பிக்குச் சாமி தேர் தலை குனியணுமா? தம்பி, நீ கம்பி தூக்குற ஆளு. கம்பியைத் தூக்கு. அது போதும்."

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் என் மச்சான். "குடைக்கம்பியில தேர் கட்டுறான் லா என் மாப்ளே! மழை வந்தா விரிச்சுப் பிடிச்சுக்கலாம்!" என்றார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இனி இந்தக் கூட்டத்தின் முன்னால் வாய் திறப்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டு வெளியே வந்தேன்.

திருநாளன்று தேர் சாலை முனைக்கு வந்தபோது மூன்றரை மணி. கம்பிக்குப் பத்தடி முன்னால் ஒரு துணிக்கடைக்காரர் தேங்காய் குவித்திருந்தார். எதிரே மளிகைக்காரரின் குவியல் அதைவிடப் பெரியது. உடைக்க ஆள் போதவில்லை. மச்சானுக்குத் தேங்காய் உடைப்பதென்றால் கொண்டாட்டம். மூங்கிலைத் தரையில் போட்டுவிட்டு உடைக்கப் போனார். தேங்காய்த் தண்ணீர் தெருவில் ஓடி மூங்கிலைச் சுற்றித் தேங்கியது. நான் சுவரில் சாத்திய என் மூங்கிலின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மற்ற வருஷங்களில் துரை கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். அந்த வருஷம் நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது என்று தலைவருக்கு எழுதியே கொடுத்திருந்தார். தலைவர் அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

கொஞ்சம் தள்ளி ஒரு டிராம் காத்து நின்றது. கரண்ட் நிற்கும்போது டிராம்காரர்கள் வண்டிக்குள் விளக்கின் சுவிட்சைப் போட்டே வைத்திருப்பார்கள். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது, வண்டியை எடுக்கலாம். தேங்காய் உடைத்து முடிந்தபோது அந்த விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

"தூக்கு, தூக்கு! என்னா முழிக்கிறே?" என்று தலைவர் தேர் மேலிருந்து கத்தினார். மச்சான் மூங்கிலை எடுத்தார். சத்தம் போட வாயைத் திறந்தேன். அந்த ஐம்பது பேரும் அங்கேயே நின்றார்கள். ஒருவேளை அது கண்ணாடியில் பட்ட வெயிலாக இருந்தால் இன்னொரு முறை சிரிப்பார்கள். மூன்று மூச்சு நேரம் அப்படியே நின்றேன்.

மூங்கில் கம்பியைத் தொட்டது. அவ்வளவு பெரிய குரல்காரரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கைகள் மூங்கிலை விட்டுப் பிரியவில்லை. அப்போதுதான் ஓடினேன். என் மூங்கிலால் அவருடையதை அடித்துத் தள்ளினேன். உடைந்த தேங்காய்களின் மேல் விழுந்தார்.

உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்கள் நீட்ட வராமல் போயின. வேலையும் போயிற்று. அக்காள் அப்பம் சுட்டு விற்கத் தொடங்கினாள். "சுத்தமில்லாம வந்திருப்பான், சாமி காட்டிருச்சு" என்று தலைவர் ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த வருஷம், கரண்டை நிறுத்தவும் முடியாது, கம்பியை யாரும் தொடவும் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். தேரின் உயரத்தைக் குறைக்கத் தலைவருக்கு மனமில்லை. அந்த எலிப்பொறி இருக்கிறதா என்று ஆள் அனுப்பினார். தர முடியாது என்றேன். பிறகு மச்சான் வந்தார்.

"குடுத்துடு மாப்ளே. இன்னொருத்தன் கையும் போகணுமா?"

கொடுத்தேன். சீனக் கொல்லரே பெரிதாகச் செய்தார். மாலை தலைவர் கழுத்தில் விழுந்தது.

கயிறு இழுக்க இடது கை போதும் என்று மச்சானை வைத்தார்கள். தேருக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கம்பி தெரியாது. முன்னால் ஒருவன் சத்தம் கொடுக்க வேண்டும். அதற்குத் தலைவர் தன் மகனை நிறுத்தினார். மச்சான் கயிற்றைக் கீழே போட்டார்.

"என் மாப்ளே கத்தணும். அவன் கத்தாம நான் இழுக்க மாட்டேன்."

"அவனா? அவனுக்கு வாயைத் திறந்தா காத்துதானே வரும்!" என்றார் தலைவர். மறுபடியும் சிரிப்பு.

மச்சான் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்த வலது கையை என் தோளில் வைத்தார். நீளாத விரல்கள் எலும்பில் குத்தின.

"அன்னிக்கு வெளக்கு எரிஞ்சதை நீ பார்த்தே. மூங்கிலை எடுக்கும்போது ஒன் மூஞ்சியை நான் பார்த்தேன்டா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இப்பக் கத்து."

தேர் நகர்ந்தது. கம்பி நெருங்கியது. "கம்பி!" என்று கத்தினேன். குரல் கீறிக்கொண்டு வந்தது. சிலர் சிரித்தார்கள். கலசம் படுத்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ திருநாள் போய்விட்டது. மச்சானும் நானும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. அக்காளுக்குக் காரணம் தெரியாது. வருஷத்தில் ஒரு நாள், அந்தச் சாலை முனையில், அவர் பின்னால் கயிற்றோடு நிற்கிறார். நான் முன்னால் நின்று கத்துகிறேன்.