ரிவர்ஸ் ஹாரன் வைத்த எழுத்துப் பலகை

டிப்ளமோ கடைசி வருஷத்தில் எங்கள் வகுப்பில் ஐந்து குழுக்கள் ஒரே ரோபோவைச் செய்தன. செய்தன என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். சென்னைக்கு ரயிலேறிப் போய், புராஜெக்ட் விற்கும் கடையில் வாங்கிவந்து, அட்டைப்பெட்டியை மட்டும் சொந்தக் கையால் கிழித்தார்கள். தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி அது. ஐந்தும் ஒரே மாதிரி ஓடும், ஒரே திருப்பத்தில் கவிழும்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் சொந்தமாகச் செய்வதென்று வீம்பு பிடித்தோம். என் கூட்டாளி பழவேற்காட்டுக்காரி. அவளுடைய அத்தாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடை. எனக்கு ஆரணிப் பக்கம், அப்பாவுக்கு நெல் வயல். எங்கள் வீம்புக்குக் காரணம் நேர்மை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போல்ட்டும் நட்டும் அவள் அத்தா கடையில் சும்மா கிடைக்கும் என்பதுதான் உண்மைக் காரணம்.

அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுத்தரும் பலகை ஒன்றைச் செய்தோம். இடது பக்கம் பதினாறு படங்கள், வலது பக்கம் எட்டு எழுத்துகள், எழுத்துக்கு இரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு போல்ட். படத்தின் போல்ட்டையும் அதற்குரிய எழுத்தின் போல்ட்டையும் பலகைக்குப் பின்னால் ஒயரால் இணைத்திருப்போம். பிள்ளை ஒரு கையில் இருக்கும் ஒயரால் படத்தையும், மறு கையில் இருக்கும் ஒயரால் எழுத்தையும் தொட்டுக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சரியென்றால் வாழ்த்து அட்டையைத் திறந்தால் வருமே, அந்தக் கீச்சுப் பாட்டு வரும். தப்பென்றால் பஸ்ஸர் அலறும்.

பொத்தானை அழுத்த மூன்றாவது கை வேண்டும் என்பது பலகை முடிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதனால் தரையில் ஒரு மிதி வைத்தோம். அடுத்து, பஸ்ஸர் அலறவில்லை, கொசு மாதிரி முனகியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, "இதுக்கா பேஜாராவுற?" என்று பழைய ரிவர்ஸ் ஹாரன் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். ஆக, தமிழ்நாட்டிலேயே காலால் மிதித்து, லாரி பின்னால் வரும் சத்தத்தில் எழுத்து படிக்கும் வசதியை நாங்கள்தான் ஏற்படுத்தினோம்.

ஒயர் வேலையை லேபில் ஒரே மத்தியானத்தில் முடித்தோம். எழுதி வைத்த பட்டியலை அவள் படிப்பாள், நான் அந்த எழுத்தின் போல்ட்டில் ஈயத்தை உருக்கி ஒயருக்குச் சால்டர் வைப்பேன்.

"ஆடு."

"ஆ. ஆச்சு."

"ஊசி."

"ஊ. ஆச்சு."

"ஊடு."

"ஊ. ஆச்சு."

"வீணை."

"வீ. ஆச்சு. இன்னும் எவ்ளோ கீது?"

பிறகு பக்கத்து அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் சுற்றில் பிள்ளைகள் ஒழுங்காக விளையாடினார்கள். ஆட்டுக்கும் இலைக்கும் தடுமாறினார்கள், ஆனால் வீட்டுப் படத்தில் ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. தொட்ட மாத்திரத்தில் பாட்டு. இரண்டாவது சுற்றுக்குள் ஹாரனின் ருசி கண்டுவிட்டார்கள். அப்புறம் ஒருத்தரும் சரியாகத் தொடவில்லை. ஆட்டுக்கு அ, அணிலுக்கு ம என்று வேண்டுமென்றே தொட்டுத் தொட்டு லாரியைப் பின்னால் எடுத்தார்கள். அங்கன்வாடி டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, "எம்மா, தூக்கிக்கினு போங்கம்மா, மூணு புள்ள தூங்கினு இருந்துது" என்றார். நாங்கள் அறிக்கையில், "வீடு என்னும் சொல்லைக் குழந்தைகள் மிகச் சிறப்பாக அறிந்துள்ளனர்" என்று எழுதினோம். அதை எழுதியவள் நான்தான், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இதற்கிடையில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை எனக்கு வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும், ஒரு பேப்பரும் பாக்கி இருக்கக் கூடாது. புராஜெக்ட் தேர்வில் விழுந்தால் மறுபடி எழுத ஆறு மாதம் ஆகும். அதுவரை எனக்காக மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கப் போவதில்லை.

தேர்வு நாளில் சென்னையிலிருந்து வெளித்தேர்வாளர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. ரோபோக்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஐந்தின் வயிற்றிலும் கடையின் போன் நம்பரோடு ஸ்டிக்கர் இருந்தது. எங்களிடம் வருவதற்குள் அவர் மனித குலத்தின் மேலேயே நம்பிக்கை இழந்திருந்தார்.

"இது எந்தக் கடை?"

"நாங்களே செஞ்சது சார்," என்றேன்.

"எல்லாரும் அதான் சொன்னாங்க."

"அல்லா மேல ஆணையா நாங்களே செஞ்சது சார்," என்றாள் கூட்டாளி.

அவர் இரண்டு ஒயர்களையும் எடுத்தார். வீட்டுப் படத்தில் ஒன்று, வீ எழுத்தில் ஒன்று. ஷூ காலால் மிதித்தார். ஹாரன் கட்டடமே அதிர அடித்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பியூன் சுவரோரமாக ஒதுங்கினார்.

அவர் இன்னொரு முறை மிதித்தார். பியூன் இன்னும் ஒதுங்கினார்.

"வீட்டுக்கு வீ தானேம்மா?"

"ஆமா சார்."

"அப்போ கடைக்காரன் உங்களுக்குத் தப்பான பீஸைத் தள்ளிட்டான்," என்று மார்க் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கண்ணீர்தான் வரும். அழுதுகொண்டே பலகையைக் கவிழ்த்து நாலு திருகாணியையும் கழற்றினேன். உள்ளே காக்கைக் கூடு. ஊ எழுத்தின் போல்ட்டில் மூன்று ஒயர், வீ போல்ட்டில் ஒன்றுதான். எழுத்துக்கு இரண்டு இருக்க வேண்டும். பிறகு பட்டியலை எடுத்துக் கூட்டாளியிடம் நீட்டி, வீடு என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்தேன்.

"இதப் படி."

"ஊடு," என்றாள். "இன்னாடி, சரியாத்தான படிக்கிறேன்?"

அவள் படித்தது எனக்குச் சரியாகக் கேட்டது, நான் சரியாக ஊ-வில் சால்டர் வைத்தேன், பிள்ளைகளும் சரியாக ஊ-வைத் தொட்டார்கள். இந்த வட்டாரத்தில் ஒருத்தர்கூடத் தப்பு செய்யவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் எங்கள் வாயோடு அங்கன்வாடி முழுவதையும் சேர்த்துக் கெடுத்திருந்தோம்.

"நடிப்பெல்லாம் நல்லா இருக்கு," என்றார் தேர்வாளர். "மாத்து பார்ப்போம்."

சால்டரிங் கோல் சூடாகும்வரை அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டின் ஒயரைப் பிடுங்கி வீ-யில் வைத்தேன். கண்ணில் நீர் மறைத்ததால் விரலையும் சுட்டுக்கொண்டேன். பலகையை நிமிர்த்தி வைத்ததும் அவர் ஒயர்களை என்னிடம் கொடுத்தார்.

"இப்ப நீ தொடு. வீட்டைத் தொடு."

வேலை, ஜூன் மாதம், அப்பாவின் முகம் எல்லாம் தலைக்குள் ஓட, ஒரு கையை வீட்டில் வைத்தேன், மறு கையை எழுத்தில் வைத்தேன், மிதித்தேன்.

ஹாரன் அடித்தது.

குனிந்து பார்த்தேன். என் கை ஊ-வின் மேல் இருந்தது. சற்று முன் நானே ஒயரைப் பிடுங்கிய அதே ஊ. கூட்டாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதம் போயிற்று என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தேர்வாளர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மார்க் தாளில் எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"இது எந்தக் கடையிலயும் கிடைக்காதும்மா," என்றார். "போங்க, ஊட்டுக்குப் போங்க."