ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றிய மாலை

டிசம்பர் வந்தால் அலுவலக வேலை கழுத்தை நெரிக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்றும், தெலுங்கு பேசும் தார்நாகா பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தேன். மேசைமேல் இருந்த மெழுகுவர்த்தி வளையத்தில் என் கணவர் அந்த வாரத்துக்குரிய ரோஸ் நிற மெழுகுவர்த்தியை ஏற்றினார். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்து, நான் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எங்கள் சின்ன மகள் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தாள். "ஏசப்பா, அம்மாவோட லேப்டாப் கெட்டுப் போகணும். அப்பத்தான் அம்மா எங்ககூடப் பாடுவாங்க."

ஹெட்போனில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மைக் திறந்தே இருந்தது. என் முகம் எரிந்தது. ஊர் கேட்டதைவிட, கடவுளிடம் போய் முறையிடும் அளவுக்கு அவளை விட்டுவிட்டேனே என்பதுதான் அதிகம் சுட்டது.

"போய்ப் பாடுங்க மேடம், மத்தது நாளைக்கு" என்று தெலுங்கில் சொன்னார், தமிழ் புரியும் மேலாளர். லேப்டாப்பை மூடினேன்.

மகள் கண்ணைத் திறந்தாள். "கெட்டுப் போச்சாம்மா?"

"இல்லடா, மூடிட்டேன்."

அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. சுடரைப் பார்த்தபடியே பாடத் தொடங்கினேன். பல வரிகள் எனக்கு மறந்திருந்தன. அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வெட்கம் போகவில்லை, ஆனாலும் அன்று நெடுநேரம் பாடினோம்.